பின்முனை

என் மேசையில் ஒரு முழ நீள மரச்சட்டம் கிடக்கிறது. ஒரு முனையைவிட மறுமுனை நகக்கனம் மெலிவு. கண்ணுக்குத் தெரியாது; விரலால் தடவினால் தெரியும். தடவும்போதெல்லாம் கோபம் வருகிறது. இத்தனை வருடமாகியும் தணியவில்லை.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருடம் காஜா பெராங்கில் ஒரு மரச்சாமான் பட்டறையில் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறேன். அக்காவின் கணவர், என் அத்தான், அங்கே ரம்பத்தில் பலகை கிழிப்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான். எனக்கு இந்த வேலையைக் கேட்டு வாங்கிக் கொடுத்ததும் அத்தான்தான். புதிய பள்ளிக்கூடங்களுக்கு மேசை செய்யும் வேலை வந்து குவிந்ததால், முதலாளி புது ரம்ப மிசின் வாங்கத் தீர்மானித்தார்.

பாசாரில், சந்தைத் தெருவில், இருந்த மிசின் கடைக்கு மூவரும் போனோம். முதலாளியும் நானும் உள்ளே போனோம். அத்தான் கடைக்கு முன்னால், அஞ்சடி நடைபாதையில் நின்றுவிட்டார். யாரும் நிற்கச் சொல்லவில்லை. சலவைச் சட்டை உள்ளே போகும், மரத்தூள் படிந்த பனியன் வெளியே நிற்கும். எங்களுக்கு அது அவ்வளவு பழகிப்போயிருந்தது.

உள்ளே இரண்டு மிசின்கள். இரண்டிலும் ரம்பம் ஒன்றுபோலத்தான். வித்தியாசம் கைடில் இருந்தது. பலகை கோணாமல் ஓட, பக்கத்தில் அணைத்து நிற்கும் இரும்புத் தடுப்பு அது. ஒன்றில் முன்னும் பின்னும் இரண்டு இடத்தில் இறுக்க வேண்டும். கனமானது, பார்க்க அசிங்கமானது. மற்றதில் முன்னால் ஒரே பிடி, அழுத்தினால் போதும். பளபளக்கும் அளவுகோலில் அங்குலம் அங்குலமாக எண்கள். விலைப் புத்தகத்தில் எழுதியிருந்ததை முதலாளிக்கு வாசித்துச் சொன்னேன். முன்பக்கம் நாடா வைத்து அளந்தேன். மயிரிழை பிசகவில்லை.

அப்போது கண்ணாடிக்கு வெளியே அத்தான் கையை நீட்டி, உள்ளங்கையால் காற்றைப் பக்கவாட்டில் தள்ளிக் காட்டினார். பின்முனையைத் தள்ளிப் பார் என்கிறார். எனக்குப் புரிந்தது. கடைக்காரரும் அவரைப் பார்த்தார். நான் பார்க்காதவன்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நான் சொன்னபடி பளபளத்ததைத்தான் வாங்கினோம். ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் அதன் பின்முனை தன்னிஷ்டத்துக்கு நின்றது. அத்தான் முன்னால் அளந்து, சுற்றி வந்து பின்னாலும் அளந்து, தட்டி நேராக்கிய பிறகே பலகையை விடுவார்.

"என்னய்யா, மிசினுக்குப் பிரதட்சணமா?" என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கிண்டலடித்தார். "சுத்துறத விட்டுட்டு அறுய்யா, மேச கேட்டு நிக்கிறாங்க."

அன்று அத்தான் சுற்றாமல் அறுத்தார். பின்முனை ரம்பத்தின் பக்கம் சாய்ந்து பலகையை நெருக்கியது. பலகை திரும்பிப் பாய்ந்து அவர் விலாவில் அடித்தது. பத்து நாள் படுத்துக் கிடந்தார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "கவனமில்லாம வேல செஞ்சான்னு ஒரு லெட்டர் அடி. இன்னொரு தடவ நடந்தா வேல இல்லன்னு போடு. இங்கிலீஷ்லயே அடிப்பா, அப்பதான் பயம் இருக்கும்."

நான் அடித்தேன். அந்த மிசினைத் தேர்ந்தெடுத்த அதே கையால்.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனபோது, அத்தான் அந்தக் கடிதத்தை என்னிடமே நீட்டினார். "மச்சான், இந்த சூராட்டுல என்னதான் எழுதியிருக்கு?"

ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னேன். தேநீரோடு வந்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

"யாரு அடிச்சது?" என்று அத்தான் கேட்டார்.

"நான்தான் அத்தான்."

"எழுத்துல பெசகு ஏதும் இல்லல்ல?"

"இல்ல."

"அப்ப மிசின்லயும் பெசகு இருக்காது" என்றார்.

விலா ஆறியதும் புக்கிட் ரம்பாயில் ஒரு மரவாடிக்கு வேலைக்குப் போய்விட்டார். போகுமுன் பட்டறைக்கு வந்து, அந்த மிசின் அறுத்த சட்டம் ஒன்றை என் மேசையில் வைத்தார். அதைவிட என்னைத் திட்டியிருக்கலாம்.

நேற்று முதலாளி இன்னொரு மிசினுக்கு விலைப் புத்தகம் கொண்டுவந்தார். ரம்பத்தில் நிற்கும் ஆளும் கடைக்குள் வரவேண்டும் என்றேன்.

"அவன் வந்து என்ன பேசப் போறான்?"

"பேச வேணாம் முதலாளி. பின்னால தள்ளிப் பாக்கட்டும்."

"அப்புறம் நீ எதுக்கு?" என்று சிரித்தார்.

சட்டத்தை அவரிடம் நீட்டினேன். தடவிக்கூடப் பார்க்கவில்லை. திரும்ப எடுத்துவந்து மேசையில் போட்டேன். நாளைக் காலை அதை எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன். ரம்பத்துக்காரர் உள்ளே போகும்வரை நானும் அஞ்சடியில்தான் நிற்பேன்.