ஒரு விரல் விட்டு வெட்டிய தோல்

என் இடது கை செத்துப்போய் ஏழு மாதம் ஆகியிருந்தபோது என்னைப் பறை செய்யச் சொன்னார்கள். கோபம்தான் வந்தது. எனக்கு மேளம் வேண்டாம், கை வேண்டும்.

நான் பிளவுஸ் தைக்கிறவள். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு புடவைக்கடை, அதன் மாடியில் தையல் பிரிவு. பதினாறு வருடம் ஜன்னலோரத்து மெஷின் என்னுடையது. ஒருநாள் பிளவுஸுக்குக் கை மூட்டிக்கொண்டிருக்கும்போது துணி நழுவிப் போனது. துணி நழுவவில்லை, என் கைதான் அதைப் பிடிக்கவில்லை என்று புரிவதற்குள் தரையில் கிடந்தேன். மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். கால் ஒரு மாதிரி திரும்பி வந்தது. இடது கை வரவில்லை.

வலது கை இருக்கிறதே என்று சொல்லாத ஆள் கிடையாது. மெஷின் முன்னால் ஒருநாள்கூட உட்காராதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். ஊசிக்குப் பக்கத்தில் துணியைப் பரப்புவதும் திருப்புவதும் இழுத்துப் பிடிப்பதும் இடது கை. அது இல்லாமல் நேர்கோடு வேண்டுமானால் ஓட்டலாம். பிளவுஸில் நேர்கோடு எங்கே இருக்கிறது?

கடை முதலாளி தெற்கத்திக்காரர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தபோது, "கை சரியானதும் வாங்கம்மா. ஒங்க மெசினுல வேற யாரையும் உக்கார வைக்க மாட்டேன்" என்றார். சொன்னபடியே மெஷினைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். கூட வேலை செய்தவர்கள் போனில் சொன்னார்கள். அந்த மூடிய மெஷினை நினைத்துக்கொண்டுதான் தினமும் எழுந்தேன், மாத்திரை தின்றேன், ஆறு மாடியைப் படியில் இறங்கினேன். ஆற்றங்கரையில் எங்கள் வீடு இருந்தவரை அடையாறு நடக்கிற தூரம். அரசாங்கத்தில் எங்களைப் பிடுங்கிக்கொண்டுபோய் பெரும்பாக்கத்து அடுக்குமாடியில் போட்டுவிட்டார்கள். அங்கே லிஃப்ட் ஓடினால் அதுவே பெரிய செய்தி. ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து இறங்கி, பஸ் பிடித்து, அடையாற்றில் இருந்த பயிற்சி மையத்துக்குப் போவேன்.

பந்தை அமுக்கு, கிளிப்பைப் பிடி, பட்டாணியைப் பொறுக்கு. அங்கே எல்லாம் அதுதான். பயிற்சி கொடுக்கிற பெண் எதற்கெடுத்தாலும் என் இடது கைமேல் தன் கையை வைத்துக்கொள்வாள். அவள் கை நகர்ந்தால் என் கையும் நகரும். "சூப்பர் ஆன்ட்டி, நீங்களே பண்றீங்க பாருங்க" என்பாள். நான் பண்ணவில்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மூன்று சனிக்கிழமை பறை செய்வது என்று அவள்தான் சொன்னாள். ரெண்டு கையும் சேர்ந்து வேலை செய்யப் பழகுமாம். வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாமே இது, சாவு வூட்ல அடிக்கிறதப் போயி செய்யப் போறியா?"

"சாவு வந்து பாதிய எத்துக்கினு போயாச்சு. மீதிக்கி நானே அடிச்சிக்கிறேன், வுடு."

அவரிடம் சொல்லாத ஒன்று எனக்குள் இருந்தது. இதை ரெண்டு கையாலும் செய்து முடித்தால் அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டலாம். கை வந்துவிட்டது என்று வாயால் சொல்வதைவிட ஒரு பொருளைக் காட்டுவது நல்லது.

பறை செய்கிறவர் மயிலாப்பூரிலிருந்து வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். முதல் சனிக்கிழமை, மூன்று மரத்துண்டு சேர்த்த வளையத்தை உப்புத்தாளால் தேய்க்கக் கொடுத்தார். வளையத்தை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி வலது கையால் தேய்த்தேன். இடது கை மடியில் கிடந்தது.

இரண்டாவது சனிக்கிழமை தோல். ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறி ஈரச்சாக்கு மாதிரி கனத்தது.

"வளையத்த மேல வெச்சி ஆணியால கோடு கீறிக்கோங்க. சுத்தி நாலு விரல் விட்டு வெட்டணும். காயச் சொல்லோ உள்ள இழுக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மேசைக்குப் போனார்.

கத்திரிக்கோலைக் கையில் எடுத்தேன். ஏழு மாதம் கழித்து எனக்குத் தெரிந்த ஒரு வேலை. ஒரே ஓட்டத்தில் வட்டம் வெட்டி முடித்தேன். ஒரு விரல்தான் விட்டேன். தையலுக்கு ஒரு விரல் விடுவதுதான் எங்கள் வழக்கம். லைனிங் துணியை நனைத்துக் காயவைத்துத்தான் வெட்டுவோம். ஒருமுறை நனைந்து சுருங்கிவிட்டால் அப்புறம் அது சுருங்காது. இந்தத் தோல் ராத்திரி முழுக்க நனைந்திருக்கிறது, சுருங்க வேண்டியது சுருங்கியிருக்கும் என்று முடிவு செய்தேன். நாலு விரல் விடச் சொல்கிற ஆளுக்கு வெட்டத் தெரியாது என்றுகூட நினைத்தேன்.

அவர் திரும்பி வந்து தலையில் கை வைத்தார். "அய்ய, இன்னாக்கா, ஜாக்கெட்டுக்கா வெட்டுன?"

"அப்டித்தான் வெட்டத் தெரியும்."

"வேற தோல் தரேன்."

"வேணாம். இது நிக்கும்."

புளியங்கொட்டைப் பசையை வளையத்தில் பூசி, தோலைப் போர்த்தி, ஓரத்தில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்து, எதிரெதிர்ப் பக்கமாக ஒரே நேரத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். அந்தப் பெண் வழக்கம்போல என் இடது கைமேல் தன் கையை வைத்தாள். "கைய எடு" என்று கத்தினேன். கூடமே திரும்பிப் பார்த்தது. எடுத்துவிட்டாள். கயிற்றை இடது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தேன். கயிறு இறுகியது. வலது கையால் முடிச்சுப் போட்டேன். ஒவ்வொரு முடிச்சுக்கும் அப்படியே சாய்ந்தேன். இழுத்தது என் உடம்பின் எடை, கை இல்லை. அன்றைக்கு அதை ஒத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது மணிக்கட்டில் கயிற்றுத் தடம் சிவந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு போனேன். அந்த வாரம் முழுக்க நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாவது சனிக்கிழமை காய்ந்த பறைகளை மேசையில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். என் பெயர் ஒட்டிய பறையைக் கொடுத்தார்கள். குச்சியால் தட்டினேன். கணீரென்றது. எல்லோரும் கைதட்டினார்கள். "ஆன்ட்டியோடதுதான் பெஸ்ட்" என்றாள் அந்தப் பெண்.

திருப்பிப் பார்த்தேன். தைத்ததைத் திருப்பிப் பார்க்காமல் யாருக்கும் கொடுத்துப் பழக்கமில்லை எனக்கு. வளையத்தின் பின்பக்கம் தோல் மூன்று விரல் அகலத்துக்கு மடிந்து ஒட்டியிருந்தது. நான் விட்டது ஒரு விரல்.

பறைக்காரரைத் தனியாகப் பிடித்தேன். "இது என்னுது இல்ல."

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "உன்னுது காயச் சொல்லோ பிச்சிக்கினு வந்துட்ச்சிக்கா. ஒரு பக்கம் முடிச்சே நிக்கல. மேடம்தான் சொன்னாங்கோ, மனசு வுட்டுருவாங்க, வேற போட்டுக் குடுன்னு."

"எந்தப் பக்கம் நிக்கல?"

"வுடுக்கா."

"எந்தப் பக்கம்?"

"எல்லா முடிச்சுந்தான் லூசா இருந்திச்சி."

அந்தப் பெண்ணிடம் போய் நேராகக் கேட்டேன். "கை வருமா வராதா?" அவள் கண் கலங்கியது. எனக்கு இரக்கம் வரவில்லை. "வந்த வரைக்கும் வந்தாச்சு ஆன்ட்டி. இதுக்கு மேல ரொம்ப எதிர்பாக்க முடியாது" என்றாள். இதை எப்போது தெரிந்துகொண்டாள் என்று கேட்டேன். மேசையில் கிடந்த பந்துகளைப் பொறுக்கிக் கூடையில் போட ஆரம்பித்தாள்.

அப்படியும் நான் வீட்டுக்குப் போகவில்லை. பறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தி.நகர் பஸ் ஏறினேன். பொய்தான் சொல்லப் போகிறேன் என்று தெரிந்தே போனேன்.

அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "வாங்கம்மா, எப்படி இருக்கிய? என்னது இது, மேளமும் கையுமா?"

"நான் செஞ்சது அண்ணாச்சி."

வாங்கித் தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "சத்தம் நல்லா இருக்கே! இத இழுத்துக் கட்டுததுக்கு ரெண்டு கையும் வேணுமில்லா?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்ப என்ன, மாடிக்கு வாங்க." அவரே முன்னால் ஏறினார். மெஷின்மேல் போட்டிருந்த துணியை எடுத்து மடித்தார். எண்ணெய்கூடப் போட்டு வைத்திருந்தார். சந்தன நிறத்தில் ஒரு பட்டு பிளவுஸ், கை மட்டும் மூட்ட வேண்டியது, அதை எடுத்து வைத்தார். "சும்மா ஓட்டிப் பாருங்க."

உட்கார்ந்தேன். இடது கையை எடுத்துத் துணிமேல் வைத்தேன். கால் மிதியை அழுத்தியது. மோட்டார் சத்தம் கேட்டதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வளைவு வந்தது. திருப்பு என்று கையிடம் சொன்னேன். துணி ஊசிக்கடியில் சுருண்டுகொண்டு போனது, நான் மிதித்துக்கொண்டே இருந்தேன்.

"அம்மா, கால எடுங்க. கால எடுங்கம்மா!"

அண்ணாச்சி ஸ்விட்சை அணைத்தார். சந்தன நிறத் துணியில் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது. ஊசி என் ஆள்காட்டி விரலில் இறங்கி ஏறியிருந்தது, ஒரு தடவை இல்லை. எனக்கு வலிக்கவே இல்லை.

யாரோ வெட்டுத்துணி கொண்டுவந்து விரலில் சுற்றினார்கள். கஸ்டமர் துணி பாழானதற்கு அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருக்கலாம். வேலையில் இருக்கிறவளைத்தான் திட்டுவார்கள். அவர் எனக்கு டீ சொன்னார்.

"இத யாரும்மா செஞ்சா?" என்று பறையைக் காட்டி மெதுவாகக் கேட்டார்.

"நான் செய்யல அண்ணாச்சி."

தலையை ஆட்டினார். டீ வந்தது, குடித்தேன். எழுந்தபோது பறையை எடுத்துக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். படியில் இறங்குவதற்கு முன்னால் ஒருமுறை ஜன்னல் பக்கம் பார்த்தேன். துணி ஸ்டூல்மேல் மடித்தபடி இருந்தது. அவர் மெஷினை எனக்காக மறுபடி மூடவில்லை.