கண்ணாடி போட்ட கோல்கீப்பர் எழுதிய வாழ்த்து மடல்

எங்கள் பக்கம் ஒருவர் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் மண்டபம் பிடிப்பார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், சட்டம் போட்ட வாழ்த்து மடல் ஒன்றை மைக்கில் வாசித்துக் கையில் கொடுப்பார்கள், பிறகு சாப்பாடு. மடலில் உண்மை இருக்கக் கூடாது என்று விதி ஒன்றும் கிடையாது. யாரும் முயன்று பார்த்ததில்லை, அவ்வளவுதான். நாலு நகைச்சுவைப் புத்தகம் எழுதியவன் என்பதால் சங்கரன்கோவிலில் இந்த வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். புத்தகங்களை யாரும் படித்ததாகத் தகவல் இல்லை. மடல்கள் பல வீட்டுச் சுவர்களில் ஆணியில் தொங்குகின்றன. இலக்கியத்தில் எனக்குக் கிடைத்திருக்கும் நிலையான இடம் அது.

போன ஆனி மாதம் அண்ணாச்சிக்கு எழுத வேண்டி வந்தது. ஊரில் அண்ணாச்சிகள் ஆயிரம் பேர் இருந்தாலும் கால்பந்தைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல் ஒருவரைத்தான் குறிக்கும். அரசுப் பேருந்து ஓட்டுநர், சிவகிரித் தடம். இருபது வயதிலிருந்து நாற்பத்தாறு வயது வரை சங்கரன்கோவில் அணியில் இடது ஓரத்தில் ஆடும் லெஃப்ட் அவுட். பூட்ஸ் போட்டால் பந்து எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியாது என்பார். வெறும் கால், கணுக்காலில் ஒரு பட்டை. மைதானத்தை ஒட்டிப் போகும்போது அவருடைய பஸ் தானாகவே மெதுவாகும். உள்ளே உட்கார்ந்திருக்கிற வியாபாரிகளுக்கும் புது மாப்பிள்ளைகளுக்கும் அன்றைய ஸ்கோர் தெரிந்த பிறகுதான் அடுத்த கியர்.

அவர் புகழுக்கெல்லாம் தலையாயது ஒரு கார்னர், மைதான மூலையில் பந்தை வைத்து அடிக்கிற அடி. முப்பது வருஷத்துக்கு முன்னால், ஆடித் தபசுத் திருவிழா சமயத்தில் நடந்த போட்டியின் இறுதி ஆட்டம். எதிரணி குருவிகுளம். முடிய இரண்டே நிமிஷம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. அண்ணாச்சி அடித்த கார்னர் யார் காலிலும் தலையிலும் படாமல், வானத்தில் வளைந்து, நேராக கோலுக்குள் இறங்கியது. இன்றைக்கும் டீக்கடையில் யாராவது ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரரைப் பெருமையாகப் பேசினால், “கார்னரை நேரா உள்ள விட்டிருக்கானா அவன்?” என்ற கேள்வி வரும். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அன்றைக்குக் குருவிகுளம் அணியின் கோல்கீப்பர் நான்.

ஓட முடியாதவனை கோலில் நிறுத்துவது அப்போதைய வழக்கம். அதோடு நான் கண்ணாடிக்காரன். ஒரு நாடாவால் கண்ணாடியைப் பின்னந்தலையில் கட்டிக்கொண்டு நிற்பேன். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் பக்கம் மனிதர்களையே இரண்டடி தள்ளி வைக்கும். அண்ணாச்சி கார்னர் அடித்த நொடியில் ஒரு புழுதி கிளம்பியது. ஆட்டக்காரர்கள், ரெஃப்ரி, வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கண் திறந்திருந்தவன் கண்ணாடி போட்டிருந்த நான் ஒருவன்தான்.

ஆகவே நான் பார்த்ததைச் சொல்கிறேன். பந்து மேல்கம்பத்துக்கு ஒரு முழம் மேலே, சாவகாசமாக வெளியே போய்க்கொண்டிருந்தது. சும்மா நின்றிருந்தால் கோப்பை கைநழுவியிருக்காது. ஆனால் இருபத்தொரு வயதில் சும்மா நிற்பது எப்படி? பாய்ந்தேன். விரல் நுனி பட்டது. பந்து மனம் மாறி உள்ளே இறங்கியது.

புழுதி அடங்கியதும் எங்கள் கேப்டன் கேட்டான், “எப்படில விட்ட?”

“அது மனுசன் அடிச்ச பந்தா? உலகத்துல எவனாலயும் பிடிச்சிருக்க முடியாது” என்றேன்.

என் ரசிக வாழ்க்கை அந்த வாக்கியத்தில் தொடங்கியது. சாதாரண ஆள் அடித்த கோலை விட்டவன் முட்டாள். மேதை அடித்த கோலை விட்டவன் சாட்சி. அதனால் அண்ணாச்சியை மேதையாக்குவது எனக்கு அவசரத் தேவையாயிற்று. திருவேங்கடம், சிவகிரி என்று அவர் ஆடிய இடமெல்லாம் போனேன். வேலை கிடைத்து சங்கரன்கோவிலுக்கே குடிவந்த பிறகு இன்னும் வசதி. கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொன்ன முதல் கதையும் இந்தக் கார்னர்தான். அவள் அப்போது என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தாள் என்பதைப் பதிவு செய்கிறேன், அடிக்கடி நடப்பதில்லை.

ஆனால் பொய்யைப் பராமரிக்கப் போனவனுக்கு வேறொன்று கண்ணில் பட்டது. அண்ணாச்சியின் அணியில் டீக்கடைக்காரர் ஒருவர் ஆடினார். கனத்த உடம்பு, வலது கால் மட்டும் சுமாராக வேலை செய்யும். அண்ணாச்சி பந்தை அவருக்குத் தருகிற அழகே தனி. மூன்று பேரைத் தாண்டிக் கொண்டுபோய், அவருடைய வலது காலுக்கு ஒரு சாண் முன்னால், எழுந்து வர அவகாசம் கொடுத்து நிறுத்துவார். டீக்கடைக்காரர் அதை வேலிக்கு வெளியே அடிப்பார். அண்ணாச்சி கைதட்டிவிட்டு அடுத்த பந்தையும் அவருக்கே கொடுப்பார். பதினைந்து பதினாறு வருஷம் இப்படி. கோல் விழாததால் இதையெல்லாம் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. நான் வைத்திருக்கிறேன். எப்போது உண்மையான ரசிகனானேன் என்று தெரியாது. அந்தப் பந்துகளில் ஏதோ ஒன்றில்தான்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்னால், பகல் டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தார்.

“மடல் எழுதியாச்சா வே?”

“முக்கால்வாசி ஆச்சு அண்ணாச்சி. கார்னர்தான் பாக்கி. கடைசியில வச்சாத்தான் எடுப்பா இருக்கும்.”

“அத எழுத வேண்டாம்.” நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். “அது கோலுக்கு அடிச்சது இல்ல. நம்ம டீக்கடைக்காரன் தலைக்குத்தான் அடிச்சேன். காத்து கொண்டு போயிட்டு. ஊரு கொண்டாடுச்சு, நானும் சிரிச்சிட்டே இருந்துட்டேன். ஊர விடும். அந்த ஒத்த கோல நம்பி நீரு முப்பது வருசம் என் பின்னால திரிஞ்சீரு பாத்தீரா, அதான் உறுத்துது. வண்டிய விட்டு இறங்குதேன். இதையும் இறக்கி வச்சுட்டா வீட்டுல நிம்மதியா உக்காருவேன்.”

ஒரு மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். என் விரல் பட்டதைச் சொன்னால் போதும், அவர் பாரம் அந்த இடத்திலேயே இறங்கிவிடும். ஆனால் அந்தப் பாரத்தை நான் எங்கே வைப்பது? அடுக்களையில் மனைவி வேறு இருந்தாள்.

“காப்பி சாப்பிடுதீங்களா அண்ணாச்சி?” என்றேன்.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் அண்ணாச்சியும் அவர் மனைவியும் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. கார்னர் இல்லாத மடலை வாசித்தேன். வெறும் கால், மெதுவாகும் பஸ், டீக்கடைக்காரருக்குக் கொடுத்த பந்துகள். முடித்தபோது இரண்டு பேர் கைதட்டினார்கள். ஒருவர் டீக்கடைக்காரர்.

“வே, கார்னர் எங்க வே?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். “பிரியாணி போடுதேன்னு கூப்பிட்டுட்டு கறிய ஒளிச்சு வச்சிட்டீரே.”

அண்ணாச்சி எழுந்து மைக்கை வாங்கினார். “அது நான் அடிச்ச கோல் இல்ல. காத்து அடிச்சது. பொய் சொல்லல, நிசமாத்தான் சொல்லுதேன்” என்றார்.

பிறகு கூரை அதிரும்படி கைதட்டல். “எப்பேர்ப்பட்ட மனுசன், தன்னடக்கத்தப் பாரு மக்கா” என்று முன்வரிசை உருகியது. அண்ணாச்சி இரண்டு முறை மறுத்தார். ஒவ்வொரு மறுப்புக்கும் விசில். இறக்கி வைத்த மூட்டையை யாரோ திருப்பி மடியிலேயே வைத்துவிட்டதுபோல உட்கார்ந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மேடையில் நிற்க முடியவில்லை. என் மனைவி மூன்றாவது வரிசையில் இருப்பது தெரிந்தும் மைக்கை எடுத்தேன்.

“காத்தும் இல்லை. பந்து வெளியேதான் போச்சு. நான்தான் கையை நீட்டி உள்ளே தள்ளினேன்.”

மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நகைச்சுவை எழுதுகிறவன் வாக்குமூலம் கொடுத்தால் இதுதான் கதி. “ரசிகன்னா இப்படி இருக்கணும்” என்றார் ஒருவர். “அண்ணாச்சி கூச்சப்படுதாருன்னு பழியத் தன் மேல போட்டுக்கிடுதாரு பாரு.”

சிரிப்பு அடங்குகிற நேரத்தில் அண்ணாச்சியின் மனைவி அவர் பக்கம் சாய்ந்து கேட்டது மைக்கில் விழுந்தது: “அப்போ கோலப் போட்டது யாருதான்?”

அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். ரசம் வந்ததும் கேட்டார்.

“வெளியவா போச்சு?”

“ஆமா அண்ணாச்சி. ஒரு முழம் மேல.”

“கண்ணால பாத்தீரா?”

“கண்ணாடியோட பாத்தேன்.”

அப்பளத்தை நொறுக்கினார். ஒரு வாரமாக வாடியிருந்த முகத்தில் இப்போது வேறு ஏதோ ஏறியிருந்தது. “முழமெல்லாம் இருக்காது வே. காத்து அந்த நேரம் அமந்துச்சு. நீரு தொடாட்டாலும் இறங்கியிருக்கும்.”

“இறங்கியிருக்காது அண்ணாச்சி.”

“ஞாயித்துக்கிழம காலையில கிரவுண்டுக்கு வாரும். காத்து இப்பவும் அதே காத்துதான்.”

போனேன். எனக்கு ஐம்பத்தொரு வயதும் தொப்பையும். அவருக்கு அறுபது வயதும் முழங்கால் வலியும். அதே மூலையில் பந்தை வைத்தார், வெறும் காலோடு. முதல் இரண்டும் தரையில் உருண்டு பாதியிலேயே நின்றன. மூன்றாவது எழும்பியது. மேல்காற்று அதைத் தாங்கி வாங்கிக்கொண்டு, வளைத்து, மேல்கம்பத்துக்கு ஒரு முழம் மேலே கொண்டுபோய்க் கருவேல முள்ளில் போட்டது. நான் இடுப்பில் கையை வைத்தபடி நின்றேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய காரியம்.

மூலையிலிருந்து சத்தம் வந்தது. “கையத் தூக்க வேண்டியதுதான வே?”

“தூக்கினா பட்டு உள்ள போயிருமே அண்ணாச்சி.”

“அதுக்குத்தான சொல்லுதேன்.”

முள்ளில் கையைக் கீறிக்கொண்டு பந்தை எடுத்து வந்து கொடுத்தேன். மறுபடி மூலையில் வைத்து, நாலடி பின்னால் போய் நின்றார். புழுதி கிளம்பிற்று. நான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.