நாகம்மன் கிணற்றில் ஒரு விலாங்கு

அக்காவின் பெயர் போனில் வந்தாலே கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிடுவேன். மச்சானுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் எடுப்பேன். அன்று கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வீட்டுக்குக் கீழே வேனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எடுத்ததும் அவள் அழுதாள். மச்சானுக்கு ஒன்றுமில்லையாம். கோயில் கிணற்றில் எல்லாரும் கும்பிடும் நாகம்மா முட்டை சாப்பிடுவதை நிறுத்திவிட்டதாம்.

"கண்ணு ரெண்டும் பெருசாயிருச்சுடா. வயிறு வேற வெளுத்துப் போச்சு. ஆத்தா எதுக்கோ கோவமா இருக்கா."

கேட்டதும் நான் துணியைக் கீழே போட்டுவிட்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா குடும்பம் கேரி தீவில், செம்பனைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் இருக்கிறது. மச்சான் அங்கே எண்ணெய்ப் பனைக் குலை வெட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன பிறகு கிள்ளான் டவுனில் டயாலிசிஸ் செய்யச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். மெஷினில் கட்டிப்போட்டு உயிரோடு வைப்பதற்கு நான் என்ன ஆடா மாடா என்று கேட்டார். அக்கா காலில் விழாத குறை. அந்தச் சமயத்தில்தான் பெருமழை பெய்து தோட்டத்துக் கால்வாய்கள் நிரம்பி வழிந்தன. வடிந்த பிறகு, நாகம்மன் கோயில் கிணற்றில் கறுப்பாக, நீளமாக ஒன்று நெளிவதை அக்கா பார்த்தாள். நாகம்மாவே வந்துவிட்டாள் என்று வேண்டிக்கொண்டு மச்சானிடமும் சொன்னாள். அதே வாரம் மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டு டயாலிசிஸ் வேனில் ஏறினார்.

அன்றிலிருந்து காலையில் முட்டையை உடைத்துக் கிணற்றில் ஊற்றிவிட்டு அக்கா வீட்டுக்கு வருவாள். "சாப்பிட்டுச்சா?" என்று மச்சான் கேட்பார். சாப்பிட்டது என்றால் கிளம்புவார். வேறு பேச்சே கிடையாது. அந்தக் கேள்வியில்தான் அவர் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

என் வேலையைப் பற்றியும் சொல்லவேண்டும். இரண்டாம் படிவத்தோடு, பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லோரி அட்டெண்டன்ட், கார் கழுவுவது என்று அலைந்து, கடைசியில் விலாங்கு மீன்களைக் கண்காணிக்கும் ஓர் ஆராய்ச்சிக் குழுவுக்கு வேன் ஓட்டப் போனேன். ஓட்டுவதோடு நிற்காது. பூபு என்று மலாய்க்காரர்கள் சொல்லும் நீளமான வலைக்கூட்டை இறக்க வேண்டும், மறுநாள் காலையில் தூக்க வேண்டும். விழுந்த மீனை அளந்து, எடை போட்டு, அரிசி மாதிரி ஓர் அடையாளச் சிப்பைத் தோலுக்கடியில் செலுத்தி, பிடித்த இடத்திலேயே விடுவார்கள். கடலில் பொரிந்து ஆற்று வாய்க்கு வரும் குஞ்சுகளையும் எண்ணுவோம். கண்ணாடி மாதிரி இருக்கும் அவை. உள்ளே முள் ஓடுவது தெரியும். வருஷத்துக்கு வருஷம் அவை குறைந்துகொண்டே வந்தன. கிள்ளான் ஆற்றில் நாங்கள் தூக்கிய கூடுகளில் வந்ததெல்லாம் பிளாஸ்டிக் பையும் பேபி டயப்பரும்தான். எனக்கோ எதற்கெடுத்தாலும் பயம். கூடு அறுந்துவிட்டால், மீன் உள்ளேயே செத்துவிட்டால், இந்த வேலையே நின்றுவிட்டால் என்று தூக்கம் வராது.

அந்தக் கிணற்றை நானும் முன்னால் எட்டிப் பார்த்திருக்கிறேன். இருட்டில் ஒரு வால் மட்டும் தெரிந்தது. பாம்பு என்றார்கள், கும்பிட்டுவிட்டு வந்தேன். ஆனால் பெரிய கண்ணும் வெளுத்த வயிறும் எங்கள் மேடம் படத்தில் காட்டியவை. வளர்ந்த விலாங்கு கடலுக்குத் திரும்பத் தயாராகும்போது அப்படித்தான் ஆகும்.

மேடம் மலாய்க்காரப் பெண். குழுவுக்குத் தலைவி. விஷயத்தைச் சொன்னதும் மறுநாளே என்னோடு தீவுக்கு வந்தார். கோயில் தலைவரிடம் அனுமதி கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, நீளக் குச்சி முனையில் வளையம் வைத்த, சிப்பைக் கண்டுபிடிக்கும் கருவியைக் கிணற்றுக்குள் இறக்கினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அது கீச்சென்றது. மேடம் அப்படியே கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

முன்பு அதே தோட்டத்துக் கால்வாயில் நாங்கள் சிப் போட்டு விட்ட மீன் அது. நாங்கள் குறியிட்டதில் கடலுக்குப் போகத் தயாரான ஒன்றை அதுவரை பார்த்ததே இல்லை. அதன் குடல் சுருங்கிவிட்டது, இனி எதையும் தின்னாது என்று மேடம் மலாயில் பொறுமையாகச் சொன்னார். சுமத்ராவுக்கு அந்தப் பக்கம் ஆழ்கடலுக்குப் போய் முட்டையிட்டுச் சாகும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை போகிற பயணம். உடனே எடுத்து, தோட்டத்துக் கால்வாய் கடலில் சேரும் மதகுக்கு வெளியே விட்டால் பிழைக்கும்.

தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, ஆத்தாவுக்கே சிப் போட்டுட்டீங்களா? ரோட்டு டோல் கட்டவா லா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. என்னைக் கோயிலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"மீனாவே இருக்கட்டும்டா. நீ தூக்கிட்டுப் போயிருவே. நாளைக்கு அந்த மனுஷன் சாப்பிட்டுச்சான்னு கேட்பாரு. நான் என்ன சொல்லட்டும்?"

அது தின்பதை நிறுத்திய பிறகும் சாப்பிட்டது என்று பொய்தான் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

கடைசியில் ஒரு சமாதானம் ஆயிற்று. ஆடி வெள்ளி பூஜை முடியட்டும், சனிக்கிழமை காலை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் தலைவர். ஆத்தா கடலுக்குக் கிளம்பிவிட்டாள், உங்கள் நோயையும் கொண்டுபோகிறாள் என்று மச்சானிடம் சொல்வதாக அக்கா ஒத்துக்கொண்டாள். மேடம் கேட்டது ஒன்றே ஒன்று. கிணற்றில் பால் ஊற்றக்கூடாது. பால் புளித்தால் தண்ணீரில் காற்று செத்துவிடும். எல்லாரும் தலையாட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை எங்களுக்குச் செமினி பக்கம் ஆற்றில் வேலை. தண்ணீரில் நின்றபடியே அக்காவுக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. நடந்ததை அவள் பிறகு சொன்னாள். ஆத்தா பட்டினி கிடக்கிறாள், நாளைக்குக் கிளம்புகிறாள் என்று எப்படியோ வாட்சப்பில் பரவி, கிள்ளானிலிருந்தெல்லாம் கார் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு பால் பாக்கெட். முட்டை இறங்காவிட்டால் பாலாவது குடித்துவிட்டுப் போகட்டும் என்று ஊற்றியிருக்கிறார்கள். ஊற்றாதீர்கள் என்று அக்கா கையை விரித்துக்கொண்டு நின்றாளாம். உன் புருஷன் பிழைக்கவேண்டும் என்று ஆத்தாவைப் பட்டினி போடுகிறாயா என்று ஒரு பெண் கேட்டாளாம். அதற்குப் பிறகு அக்கா கையை இறக்கிவிட்டாள்.

சனிக்கிழமை காலை கோயில் வாசலிலேயே புளித்த வாடை. கிணற்றுத் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் போல் இருந்தது. அதில் வெளுத்த வயிறு மேலே தெரிய அது மிதந்தது. மேடம் கொண்டுவந்திருந்த ஈரத்துணி போட்ட பெட்டி அவர் கையிலேயே இருந்தது.

தலையை மட்டும் கொடுக்க முடியுமா என்று கேட்டார். காதுக்குள் இருக்கும் சின்னக் கல்லில் வயது எழுதியிருக்குமாம், எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்பதும். தலைவர் முடியாது என்றார். செத்த நாகத்தை வெட்டுவார்களா? மஞ்சள் துணியில் சுற்றி, குங்குமம் வைத்து, அரசமரத்தடியில் புதைத்தார்கள். குழியிலும் பால் ஊற்றினார்கள். மேடம் வாதாடவில்லை. மண் மூடும்வரை வெயிலில் நின்றுவிட்டு, வேனில் ஏறிக் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மச்சானுக்கு அக்கா சொல்வதற்கு முன்பே யாரோ சொல்லிவிட்டார்கள். அடுத்த முறை டயாலிசிஸ் வேன் வந்தபோது அவர் பாயை விட்டு எழவில்லை. அடுத்த முறையும். அக்கா கூப்பிட்டு நான் ஓடினேன். முகம் ஊதியிருந்தது. காலை அமுக்கினால் குழி விழுந்தது. அது நாகமே இல்லை, விலாங்கு, கடலுக்குப் போவதற்காகத்தான் சாப்பாட்டை நிறுத்தியது, உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசினார். "மீனோ பாம்போ. போற நேரம் வந்துச்சு, வாயை மூடிக்கிச்சு. நீங்க எல்லாம் சேர்ந்து பாலை ஊத்துனீங்க." சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கும் ஊத்தாதீங்கடா."

அக்கா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சண்டை போடுவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று நான் காத்திருந்தேன். வெளியே ஹாரன் கேட்டது. அன்றும் வேன் வந்திருந்தது. டிரைவர் இறங்கி, அங்கிள் ரெடியா அக்கா என்று கேட்டான்.

மச்சான் சுவர் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். அக்கா அவர் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் வெளியே போய், இனிமேல் வர வேண்டாம் தம்பி என்று அவனிடம் மெதுவாகச் சொன்னாள். லயத்துச் சந்து குறுகல் என்பதால் அவன் பின்பக்கமாகவே ஓட்டிப் போகவேண்டியிருந்தது. கான்கிரீட் கட்டையில் இடித்துவிடாமல் இருக்க அக்கா கையைக் காட்டிக்கொண்டே வேனின் பின்னால் நடந்தாள்.