பசுவின் வயிற்றில் எங்கள் வீட்டு விருந்து

போன மாதம் எங்கள் வீட்டுப் பசுவைக் கத்தியால் குத்தினார்கள்.

குத்தியது பக்கத்து வீட்டுச் சவரியம்மா. குத்தச் சொன்னது என் மனைவி பேச்சியம்மாள். நான்? பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன வாரமே இதை எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. வெற்றிலைக் கொடியைப் பற்றி ஏதோ எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். அதைப் படித்துக் கொட்டாவி விட்ட வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

நடந்தது இதுதான். மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். மலைமேல் அணை கட்டும் இடத்தில் காண்டிராக்டரிடம் வேலை பார்க்கும் என் மைத்துனர்கள், கூட்டாளிகளையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பெரிய அண்டாவில் சோறு வடித்தோம். மலையிலிருந்து ஒருவரும் வரவில்லை. மழையில் மலைப்பாதை சரிந்து, வண்டி எதுவும் கீழே இறங்கவில்லையாம்.

வந்தவர்கள் சாப்பிட்டார்கள். தெருவுக்கும் கொடுத்தோம். அப்புறமும் அண்டாவில் பாதி இருந்தது. மறுநாள் காலையில் திறந்தால்... ஒரே புளித்த வாடை.

"இத எங்கன கொட்ட?" என்றாள் பேச்சியம்மாள்.

வேறெங்கே? கொல்லையில் குப்பைக்குழி இருக்கிறதே. கத்தரிக்காய்க் காம்பிலிருந்து எச்சில் இலை வரை எல்லாம் அதற்குள்தானே போகிறது? கொட்டினோம். கையைக் கழுவினோம்.

கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சவரியம்மாவின் குரல். ராயப்பன்பட்டியிலிருந்து வாழ வந்தவள்; மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பெண். என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

"மதினி, உங்க மாடு கயித்த அத்துக்கிட்டு குழிக்குள்ள தலைய விட்டு நிக்குது."

ஓடினோம். அது தின்று முடித்திருந்தது.

பசுவுக்கு அது முதல் சினை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடப்பக்க வயிறு தவில்போலப் புடைத்தது. மூச்சு இழுத்தது. வாயில் நுரை. மாட்டு வைத்தியரைக் கூப்பிட உத்தமபாளையத்துக்கு ஆள் போயிருந்தது. நல்லெண்ணெயில் பெருங்காயம் கலந்து ஊற்றினோம். பலனில்லை. முன்னங்காலை மடக்கி மாடு விழுந்துவிட்டது.

சவரியம்மா அதன் வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். "வைத்தியர் வார வரைக்கும் தாங்காதுண்ணே. தொளை போட்டுக் காத்த வெளியேத்தணும்."

"உனக்குத் தெரியுமா?"

"எங்கய்யா செய்யப் பாத்திருக்கேன். ஒரு தடவ."

"அந்த மாடு பிழைத்ததா?"

"இல்லண்ணே. செத்துப்போச்சு."

கூட்டம் கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "பசு மேல கத்திய வைக்கிறதா? அதுவும் வேதக்காரப் பொம்பள கையால? ஊருல என்ன சொல்லுவாக?"

சவரியம்மாவுக்கு அது கேட்டது. முகம் வெளுத்தது. மாடு செத்தால் யார் தலையில் விழும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் அவள் நகரவில்லை.

பேச்சியம்மாள் மாட்டின் முகத்தை மடியில் வைத்திருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "குத்து சவரி. பழி வந்தா எனக்கு வரட்டும்."

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே விரலால் தடவி இடம் பார்த்தாள் சவரியம்மா. கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். சூரிக்கத்தி இறங்கியது.

புஸ்ஸென்று ஒரு சத்தம். அதோடு வந்ததே ஒரு நாற்றம் — முதல் நாள் வாழையிலையில் நாங்கள் பெருமையோடு பரிமாறிய விருந்து அது!

துளை அடைபடாமலிருக்கப் பப்பாளித் தண்டைச் செருகினாள். வயிறு மெல்ல வற்றியது. வெகுநேரம் கழித்து மாடு தள்ளாடி எழுந்தது. அதுவரை நின்ற சவரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். வைத்தியர் வந்தபோது காயத்துக்கு வேப்பெண்ணெயும் மஞ்சளும் வைக்கிற வேலை மட்டுமே மிச்சம்.

அதிர்ச்சி அத்தோடு முடிந்ததா என்றால், இல்லை.

மிச்சச் சோற்றைப் புதைக்க மண்வெட்டியோடு குழியில் இறங்கினேன். விருந்துச் சோற்றுக்குக் கீழே பழைய சோறு. அதற்குக் கீழே களிக்கட்டி. அதற்கும் கீழே குழம்பில் ஊறிய காய்கள்... மக்கவே இல்லை. காற்றுப் புகாமல் கறுத்துக் கொழகொழவென்று, புழு நெளிய.

"இது எந்த விருந்து?" என்றேன்.

"விருந்தா? அன்னாடம் போடுறதுதேன். திடுதிப்புனு யாராச்சும் வந்துட்டாகன்னா? அதுக்குக் கூடுதலா வடிக்கிறேன். ஆரும் வாரதில்ல," என்றாள் குழி ஓரத்தில் நின்ற பேச்சியம்மாள்.

தாது வருஷப் பஞ்சத்தில் எங்கள் தெருவில் சில வீடுகளில் விளக்கேற்றக்கூட ஆள் மிஞ்சவில்லை. அதே தெருவில், வராத ஒருவருக்காக நாள்தோறும் சமைத்துக் குழிக்குள் போட்டிருக்கிறோம்.

இப்போது உலை வைக்கும்முன் யார் யார் சாப்பிடுவார்கள் என்று பேச்சியம்மாள் கேட்டுக்கொள்கிறாள். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலைக்கு ஆயிற்று. அதையும் மீறி வீணாவதற்குப் புதுக் குழி. அடியில் சருகு, அதன்மேல் கழிவு, சாணிக் கரைசல், ஒரு கை சாம்பல், மேலே ஒரு கூடை மண். அவ்வப்போது கிளறிவிடுகிறேன். சுற்றிலும் முள்வேலி. ஈ இல்லை, நாற்றம் இல்லை. மழை பெய்த மண்ணின் வாடை லேசாக வரத் தொடங்கியிருக்கிறது.

பசுவுக்குக் காயம் ஆறிவருகிறது. கன்று உள்ளே அசைகிறது. எதிர்வீட்டுக்காரர் சவரியம்மாவைப் பார்த்தால் இப்போது தானாகவே நலம் விசாரிக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மைத்துனர்கள் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். இரண்டாம் தடவை பரிமாறும்போதே பானை காலி. "என்னக்கா, சோறு பத்தலயா?" என்றான் இளையவன்.

"பத்தல. செத்த இரு, உலை வச்சிருக்கேன்," என்றாள் பேச்சியம்மாள், கொஞ்சமும் கூசாமல்.

ஊருக்குப் போய்ச் சொல்லத்தான் போகிறான். சொல்லட்டும். விருந்தில் சோறு பற்றாவிட்டால் வருஷக்கணக்கில் பேசுகிற ஊர், மீந்து குழிக்குப் போனால் மட்டும் ஏன் வாயே திறப்பதில்லை?