இலட்சுமி போகாமல் இருக்க

பாஸ்போர்ட் வந்து சேர்ந்த அன்று அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. இலட்சுமி அதைத் தகரப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல மகளுக்குத் தலைவாரப் போனாள். அவள் புருஷன் சுந்தரலிங்கத்துக்குத்தான் பொறுக்கவில்லை.

"அப்ப போறதுன்னே முடிவு பண்ணிட்டியா புள்ள?"

"எனக்கென்ன குவைத்துக்குப் போகணும்னு வேண்டுதலா? நீங்க ஒரு வேலையத் தேடிக்கங்க. அந்தப் புத்தகத்த அடுப்புல போட்டுர்றேன்."

சுந்தரலிங்கத்தின் கதை முழுக்க இவ்வளவுதான். மனைவி கடல் தாண்டிப் போகக்கூடாது. அதற்கு அவனுக்கு ஒரு வேலை வேண்டும். கேட்டால் சின்ன ஆசை. ஆனால் அந்த வருடங்களில் சின்ன ஆசைகளுக்குத்தான் பெரிய பெரிய தடையெல்லாம் வந்து நின்றது.

அவன் ஒன்றும் சோம்பேறி இல்லை. பலாபத்வலைக்கு மேலே ஒரு மிளகுத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்து, உயர்தரம் வரை படித்து, மாத்தளையில் ஒரு லொறி முதலாளியிடம் சேர்ந்தவன். இங்கிருந்து மரக்கறி யாழ்ப்பாணம் போகும். அங்கிருந்து வெங்காயமும் கருவாடும் வரும். தமிழும் தெரிந்து, சிங்களமும் தெரிந்து, வழி நெடுக உள்ள சோதனைச் சாவடிகளில் பல்லைக் காட்டவும் தெரிந்த ஒரு ஆள் முதலாளிக்குத் தேவைப்பட்டான். 2006 ஆகஸ்ட்டில் சண்டை மறுபடி மூண்டு யாழ்ப்பாணப் பாதையை மூடினார்கள். பாதையை மூடுகிறவர்கள், எவன் வீட்டு அடுப்பு அதோடு அணைகிறது என்று பார்த்தா மூடுகிறார்கள்? லொறி நின்றது. சுந்தரலிங்கமும் நின்றான், கிளீனர் நல்லையாவும் நின்றான்.

தோட்டத்தில் இலட்சுமிக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை. குருநாகலில் இருந்து வந்த ஏஜென்டுக்கோ ஆம்பிளை வேண்டாம். குவைத்தில் வீட்டு வேலைக்குப் பொம்பிளைதான் வேண்டுமாம். மகள் சந்திரகாந்தா அப்போதுதான் முதலாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். அம்மாவின் விரலைப் பிடிக்காமல் தூங்கமாட்டாள்.

வழி காட்டியவர் அலுவிகாரையில் நெட் கடை வைத்திருந்த புஹாரி நானா. கடையில் இரண்டு கொம்பியூட்டர். அதில் ஒன்று எப்போதும் சீக்காளி.

"தம்பி, வெளிநாட்டு வேலைய வெளிநாட்டுக்குப் போகாமலே செய்யலாம் தெரியுமா? எங்கட மச்சான்ட மகன் கொழும்புல செய்றான். ஒங்களுக்கு இங்கிலீசு ஈக்கி, டைப் பண்ணவும் தெரியும். காலையில கடையில சனமில்ல. வந்து ஒக்காருங்க. எனக்கு வார ஆக்களுக்கு விண்ணப்பம் கிண்ணப்பம் அடிச்சிக் குடுங்க, போதும்."

அப்படித்தான் தொடங்கியது. நெட்டில் ஒரு சந்தை. வேலை வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம், வேலை கேட்பவர்கள் மறுபக்கம். சுந்தரலிங்கம் கேட்டான், கேட்டான், கேட்டுக்கொண்டே இருந்தான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் ஒருவன் ஒரு பெரிய மருத்துவப் புத்தகத்தைத் தட்டச்சுச் செய்யச் சொன்னான். கண் வலிக்க வலிக்க அடித்து முடித்து அனுப்பியதும் காசு தராமல் ஆள் மாயமாகிவிட்டான்.

"மூஞ்சிகூடப் பாக்காத ஆளுக்கா ஒரு மாசம் வேல செஞ்சீங்க?" என்று இலட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று அழத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு கிடைத்தவள்தான் ஹெலன். அவுஸ்திரேலியாவில் ஏதோ ஒரு சின்ன ஊர்க்காரி. தன் ஊர்ப்பக்கத்துக் கல்லறைகளை எல்லாம் படம் பிடித்து வைத்திருந்தாள். கல்லில் உள்ள பேரையும் பிறந்த நாள், இறந்த நாளையும் பார்த்துத் தட்டச்சுச் செய்து தரவேண்டும். பாட்டன் பூட்டனைத் தேடுகிறவர்களுக்கு உதவுமாம். பாசி பிடித்த கல், உடைந்த கல், குழந்தைகளின் குட்டிக் கல். சுந்தரலிங்கம் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து எழுதினான். செத்தவர்களுக்கு இவ்வளவு மரியாதையா என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவன் லொறியில் போய்வந்த பாதையோரத்தில் அந்த நேரம் விழுந்துகொண்டிருந்தவர்களுக்குக் கல்லும் இல்லை, பேரும் இல்லை.

"ஒங்க தொரசானி என்ன சொன்னா இன்னைக்கி?" என்று இலட்சுமி தினமும் சீண்டுவாள்.

"ரொம்ப சுத்தமா செய்றேன்னு எழுதியிருக்கா."

"வீட்டுல ஒரு தட்டக் கழுவிச் சுத்தமா வைக்கத் தெரியல. அங்க மட்டும் சுத்தமாக்கும்!"

வாயால் இப்படிச் சொன்னாலும் அவள் முகத்தில் அப்போதெல்லாம் வெளிச்சம் இருந்தது.

நடுவில் ஒரு சோதனையும் வந்தது. தமிழ் ஆள் ஒருவன் காலையிலிருந்து கொம்பியூட்டர் முன்னால் குந்தியிருக்கிறான், வெளிநாட்டுக்கு என்னவோ எழுதுகிறான் என்று எவனோ ஒரு புண்ணியவான் போய்ச் சொல்லிவிட்டான். சீருடைக்காரர்கள் வந்து பார்த்தபோது திரை நிறையக் கல்லறை. "மே மொனவத?" என்றார் ஒருவர், இதெல்லாம் என்ன என்று. செத்தவர்களின் பேர் எழுதுகிறேன் என்று இவனும் உள்ளதைச் சொன்னான். அந்த நேரத்தில் சொல்கிற பதிலா அது? கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். புஹாரி நானா கடையைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே போய், சிங்களத்தில் பேசிப் பேசித் தொண்டை வறண்டு, பொழுது சாய்வதற்குள் மீட்டுக்கொண்டு வந்தார். வேலை பிந்தியதற்கு ஹெலன் கோபிக்கவில்லை. நீ பத்திரமாக இருக்கிறாயா என்று மட்டும் கேட்டு எழுதியிருந்தாள்.

மெல்ல மெல்ல வேலை நிலைத்தது. ஏஜென்ட் அடுத்த தடவை லயத்துப் பக்கம் வந்தபோது இலட்சுமி வாசலில் நின்று, "நான் வரலங்க, எங்க வீட்டுக்காரருக்கு வேல கெடச்சிருச்சு," என்றாள். தோட்டத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். பாஸ்போர்ட்டை அடுப்பில் போடவில்லை. அரசாங்கத்துப் புத்தகமாயிற்றே. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மூவரும் மாத்தளை அம்மன் கோயிலுக்குப் போய், கடையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டு, பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அந்தச் சிரிப்பு அவ்வளவு நாளும் எங்கே ஒளிந்திருந்ததோ தெரியாது.

நல்லையா வந்தது அதற்குப் பிறகு. இரண்டு பிள்ளைக்காரன். லொறி நின்றதிலிருந்து கிடைத்த கூலிக்கெல்லாம் போய்க் காய்ந்து கருவாடாகியிருந்தான்.

"அண்ணே, எனக்கும் அந்த வேலய ஒரு கை காட்டுங்கண்ணே."

மறுக்க முடியுமா? சுந்தரலிங்கம் அவனுக்கும் அந்தச் சந்தையில் பேர் பதிந்து, ஹெலனிடம் சொல்லிக் கொஞ்சம் வேலையும் வாங்கிக் கொடுத்தான். நல்லையா நல்லவன், ஆனால் தட்டச்சு அவனுக்குச் சரிப்பட்டு வரவில்லை. ஓர் எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் மற்றது தொலைந்துவிடும்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மிளகு பறிக்கிற காலத்தில் சாயங்காலம் சாக்கை நிறுப்பார்கள். நிறை குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான் விழும். அதாவது பாதி நாள் கூலி. அதனால் வேகமான கைக்காரி தன் சாக்கு நிறைந்ததும் பக்கத்தில் திணறுகிறவளின் சாக்கிலே நாலு கை அள்ளிப் போடுவாள். பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல்காரிக்கும் அப்படித்தான் முழுப்பேர் விழுந்தது. கங்காணியும் கண்டும் காணாத மாதிரி இருந்துவிடுவார். சுந்தரலிங்கத்தின் அம்மா அவன் வயிற்றில் இருந்தபோது பேர் வாங்கியதெல்லாம் மற்றவர்கள் கையால்தான். இதை அங்கே யாரும் உதவி என்றுகூடச் சொல்லமாட்டார்கள்.

ஆகவே தன் வேலை முடிந்ததும் அவன் நல்லையாவின் பேரில் உள்ளே போய், அவன் பங்குக் கல்லறைகளையும் அடித்துக் கொடுத்தான். நல்லையா பக்கத்தில் நின்று எழுத்தை உரக்கப் படிப்பான். சில நாள் சுந்தரலிங்கம் பிந்தி வந்தால் நல்லையா இவன் பேரில் நாலு வரி அடித்து வைத்திருப்பான். நல்ல கொம்பியூட்டர் ஒன்றுதானே? அதே நாற்காலி, அதே பெட்டி.

ஒருநாள் அந்தச் சந்தையின் நிர்வாகத்திலிருந்து கேட்டு எழுதியிருந்தார்கள். உங்கள் பேரில் வேறு யாராவது வேலை செய்கிறார்களா, நீங்கள் வேறு யார் பேரிலாவது செய்கிறீர்களா? சுந்தரலிங்கத்துக்குச் சந்தோஷம்! ஒற்றுமையைப் பாராட்டத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டான் பாவி. ஆமாம், நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் நிரப்பிக் கொடுத்துக்கொள்வோம், எங்கள் தோட்டத்தில் அதுதான் முறை என்று அழகான இங்கிலீசில் எழுதினான். அனுப்புமுன் நல்லையாவுக்குப் படித்தும் காட்டினான்.

மறுநாள் இரண்டு பேருடைய கதவும் அடைபட்டுப் போனது. ஒருவரின் பேரில் இன்னொருவர் வேலை செய்வது மோசடியாம். இனி எந்தக் காலத்திலும் இடமில்லையாம். ஹெலனிடம் சொல்லலாம் என்றால் அவளோடு பேசியதெல்லாம் அந்தச் சந்தைக்குள்தான். வெளியில் அவளுடைய ஊரும் தெரியாது, முழுப்பேரும் தெரியாது. அவள் ஊரில் செத்துப் போனவர்கள் அத்தனை பேரின் பேரும் தெரிந்திருந்தது, உயிரோடு இருந்த அவளுடைய முழுப்பேர் தெரியவில்லை.

நல்லையா நடுக்கடையில் குந்தி, தலையில் தலையில் அடித்துக்கொண்டான். "என்னாலதானே அண்ணே, நான் வந்துதானே..." புஹாரி நானா அவனைத் தூக்கி நிறுத்தித் தேத்தண்ணி கொடுத்தார்.

சுந்தரலிங்கம் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னான். சொல்லி முடித்ததும் இலட்சுமி வையப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டான். அவள் வையவில்லை.

"நல்லையாவுக்கு நெரப்பிக் குடுக்காம இருந்திருந்தீங்கன்னா, ஒங்கள நான் மனுசன்னே மதிச்சிருக்க மாட்டேன்," என்றாள். பிறகு எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தாள்.

அவன் தடுத்தான். இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்று கெஞ்சினான். அவளும் பார்த்தாள். வேறு சந்தைகளில் கேட்டான், பழைய முதலாளியிடம் போனான், நாவுலவில் தோட்டம் கொத்தப் போனான். ஒன்றும் கூடிவரவில்லை. நல்லையா கொழும்புக்கு ஒரு கடை வேலைக்குப் போய்விட்டான். இலட்சுமி குருநாகலுக்குப் போய் ஏஜென்டின் முன்னால் தானாகவே நின்றாள்.

போகிற நாள் விடியற்காலை வேன் பலாபத்வலைச் சந்தியில் வந்து நின்றது. சந்திரகாந்தா தூங்கிக்கொண்டிருந்தாள். இலட்சுமி மகளின் கைக்குள்ளிருந்து தன் விரலை மெதுவாக உருவி எடுத்து, அந்த இடத்தில் சுந்தரலிங்கத்தின் விரலை வைத்தாள். "முழிக்கிற மட்டும் எடுத்துறாதீங்க," என்றாள். அதனால் மனைவியை வழியனுப்பச் சந்தி வரைக்கும்கூட அவன் போகவில்லை.

ஒரு மாதத்துக்கும் கொஞ்சம் மேலே ஆகியிருக்கும். புஹாரி நானா மோட்டார் சைக்கிளில் லயத்துக்கே வந்தார்.

"தம்பி, வாங்க, வாங்க! ஒங்கட பேர தொறந்து உட்டீக்காங்க!"

ஹெலன் சும்மா இருக்கவில்லை. நிர்வாகத்தோடு சண்டை பிடித்திருக்கிறாள். இவன் திருடன் இல்லை, எனக்குக் கிடைத்த நேர்மையான ஆள் இவன்தான் என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறாள். கதவு திறந்தது, முன்னைவிட இரண்டு பங்கு வேலையும் காத்திருந்தது. படுபாவித் தெய்வத்துக்கு இதை இரண்டு மாதம் முந்திச் செய்ய என்ன கேடு?

சுந்தரலிங்கம் அன்றைக்கே குருநாகலுக்கு ஓடினான். ஏஜென்ட் கையை விரித்தான். ரெண்டு வருச ஒப்பந்தம், பாஸ்போர்ட் அந்த வீட்டுக்காரர் கையில, அது முடியாம வர ஏலாது என்றான். திரும்பி வரும் பஸ்ஸில் சுந்தரலிங்கம் வெட்கத்தை விட்டு அழுதான்.

மறுநாள் கடையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினான். திரையில் ஒரு கல். யாரோ ஒருவருடைய அன்பு மனைவி. பேரைப் பாதி அடித்திருப்பான், போன் அடித்தது. குவைத்தில் வீட்டுக்காரி வெள்ளிக்கிழமையில் மட்டும் பேச விடுவாள்.

"பாப்பா சாப்புடுதா? ராவுல அழுவுதா? நீங்க சாப்புட்டீங்களா?" எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டாள். பிறகு, கேட்க வேண்டாம் என்று நினைத்ததைக் கேட்கிறவள் போல, "வேல ஏதாச்சும் சரிவந்துச்சாங்க?" என்றாள்.

சொல்லத்தான் வாயைத் திறந்தான். எத்தனை நாள் காத்துக்கிடந்த செய்தி! ஆனால் சொன்னால் அவள் என்ன ஆவாள்? அந்தக் குவைத் வீட்டுச் சமையலறையில் படுக்கப் பாயை விரிக்கிற போதெல்லாம், இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாமே என்று இரண்டு வருடமும் தன்னைத் தானே தின்றுகொண்டு கிடப்பாள். இவனாவது அழுகை வந்தால் மகளைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். அவள் அங்கே யாரைத் தூக்குவாள்?

"இல்ல புள்ள. இன்னும் ஒண்ணும் சரிவரல."

புஹாரி நானா இவனை ஒரு தடவை பார்த்துவிட்டு, எழுந்து கடைக்கு வெளியே போனார்.

அந்தப் பக்கம் அவள் பெரிதாக மூச்சு விட்டது கேட்டது.

"அப்ப நான் வந்ததே நல்லதாப் போச்சு," என்றாள் இலட்சுமி. "நீங்க மனச விட்டுறாதீங்க, என்ன? அதான் நான் இருக்கேன்ல." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். குவைத்துக்குப் போன பிறகு அவள் சிரித்து அவன் கேட்டது அன்றைக்குத்தான்.