பத்து நிமிடத்துக்குள் வரவேண்டிய வாளி

பயப்பட ஒரு காரணம் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அவளோடு ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். பூட்டின கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுப்பாள். அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசிப்பாள். அந்தப் பஸ்ஸை ஓட்டுகிறவர் அவள் வீட்டுக்காரர்தான். கண்ணாடியில் அவள் முகம் போகிற போக்கைப் பார்த்ததும், “அணைச்சுட்ட, நான் பார்த்தேன்” என்று முன்னாலிருந்து குரல் கொடுப்பார். அவர் பார்த்திருக்கவே மாட்டார். இருபது வருஷக் குடித்தனத்தில் அந்த மனிதர் பழகிக்கொண்ட ஒரே பொய் அது.

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் ‘படபடப்பு’ என்று பேர். முதுகுக்குப் பின்னால் அல்ல, நேரிலேயே ‘படபடப்பு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் ‘என்னப்பா’ என்று திரும்பிப் பார்ப்பாள்.

மகப்பேறு ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஓர் அறை. ஒரு கல்மேசை, தண்ணீர்த் தொட்டி, தராசு, மூலையில் ஆள் உயரத்துக்கு ஓர் உறைபெட்டி. அவ்வளவுதான் ஆராய்ச்சிக்கூடம். குழந்தை பிறந்ததும் எல்லாருடைய கண்ணும் குழந்தை மேல். பின்னாலேயே வருகிற நஞ்சுக்கொடியை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? இவள் பார்ப்பாள். மூடி போட்ட வாளியில் அது வந்து சேரும். வாளியின் மேல் ஓர் எண் இருக்கும், பேர் இருக்காது. எந்தத் தாயுடையது என்பது ஆராய்ச்சி டாக்டரின் பூட்டின அலமாரிக்கு மட்டும்தான் தெரியும். இவள் அதைக் கழுவி, எடை போட்டு, ஐந்து இடத்தில் சிறு துண்டு வெட்டிக் குழாயில் போட்டு உறைய வைக்க வேண்டும். எல்லாம் பத்து நிமிடத்துக்குள். அதைத் தாண்டினால் சதையின் குணம் மாறிவிடும், ஆராய்ச்சிக்கு உதவாது, வீசிவிட வேண்டியதுதான்.

இந்த வேலையை அவளாகக் கேட்டு வாங்கினாள். அவளுக்கு முதல் குழந்தை தங்கவில்லை. எட்டாம் மாதம் தலைவலி என்று படுத்தவளுக்கு முகம் வீங்கி, ரத்த அழுத்தம் எகிறி, வலிப்பு வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துக் கண் விழித்தபோது வயிறு காலியாக இருந்தது. ஏன் என்று கேட்டாள். “சிலருக்கு இப்படி ஆகுதும்மா. ஏன்னு இன்னும் முழுசாத் தெரியல” என்றார் டாக்டர். ஒரு திட்டு வாங்கியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். தெரியல என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு எப்படிப் போவது? அன்றைக்குப் பிடித்த பயம்தான் பூட்டிலும் அடுப்பிலும் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்துப் பிறந்த பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பயம் மட்டும் வீட்டிலேயே இருக்கிறது.

நஞ்சுக்கொடி சரியாக வேர் பிடிக்காததால்தான் சிலருக்கு அப்படி ஆகிறதா என்று கண்டுபிடிக்க அதே ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி தொடங்கினார்கள். ரத்தப் பரிசோதனைப் பிரிவில் குழாய் கழுவிக்கொண்டிருந்தவள் நேரே போய், “என்னை அங்க போடுங்க” என்று நின்றாள். நாலு வருஷம் ஆயிற்று. இரண்டாயிரத்துச் சொச்சம் வாளி பார்த்துவிட்டாள். ஒரு வாளி வீணானாலும், ஏன் என்பதற்கான பதிலில் ஒரு துளி கொட்டிப்போனதாக அவளுக்குத் தோன்றும். அதனால் மாடியில் பிரசவ அறைக்கு ஓயாமல் போன் அடிப்பாள். “சிஸ்டர், வந்துருச்சா? அனுப்பிட்டீங்களா? நிமிஷம் ஓடுது சிஸ்டர்.”

“குழந்தை அழறதுக்கு முன்னாடி இந்தக்கா போன் அழுதுடுது” என்பார்கள் மேலே.

அன்று செவ்வாய்க்கிழமை. காலையில் வந்த மூன்றாவது வாளி, இவள் போன் அடித்த கையோடு, ஆறாவது நிமிடத்திலேயே கீழே வந்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷம். கல்மேசையில் விரித்துக் கழுவினாள். வட்டமாக, அடை போல, நன்றாகத்தான் இருந்தது. ஓரத்திலிருந்து தொங்கிய சவ்வைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் கை நின்றது.

இரண்டு ரத்தக்குழாய்கள் வட்டத்தின் விளிம்பைத் தாண்டிச் சவ்வுக்குள் ஓடின. ஓடி, கிழிந்த ஓரத்தில் பாதியில் அறுந்து நின்றன. அந்தக் குழாய்கள் சும்மா ஓடாது. அந்தப் பக்கம் இன்னொரு சின்னத் துண்டு இருந்தால்தான் அப்படி ஓடும். வேலையில் சேர்ந்த புதிதில் மூன்று நாள் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்த பெரிய டாக்டர் இதை ஒரே ஒரு தடவை படத்தில் காட்டியிருக்கிறார். துண்டு இங்கே இல்லை. வாளியைக் கவிழ்த்தாள், வாளியிலும் இல்லை. அப்படியானால் அது இன்னும் தாயின் கருப்பைக்குள் இருக்கிறது. உள்ளே இருக்கிறவரை கருப்பை சுருங்காது. சுருங்காவிட்டால் ரத்தம் நிற்காது.

கடிகாரம் எட்டு நிமிடம் காட்டியது. முதலில் வெட்டிவிடலாம், ஒரு நிமிட வேலை, அப்புறம் சொல்லலாம் என்று கத்தியை எடுத்தாள். ஆனால் வெட்டின பிறகு எது இருந்தது, எது இல்லை என்று யார் நம்புவார்கள்? கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

“முழுசா இருக்குன்னு எழுதியாச்சுக்கா” என்றாள் பிரசவ அறை சிஸ்டர். பின்னால் வேறொருத்தி வலியில் கத்திக்கொண்டிருந்தாள். “போன மாசம் இப்படித்தான் ஆர்ப்பாட்டம் பண்ணீங்க. கடைசில என்ன? ரத்தக்கட்டு. டாக்டர்கிட்ட நான்தான் திட்டு வாங்குனேன். இங்க தலை தெரியுது, வைக்கிறேன்.”

உண்மைதான். போன மாதம் அவள் சொன்னது தப்பு. ஆராய்ச்சி டாக்டருக்கு அடித்தாள். கூட்டத்தில் இருந்தார், போன் அணைத்திருந்தது. தாய்மார் யார் என்று இவள் தெரிந்துகொள்ளக் கூடாது, அவர்கள் இருக்கும் பக்கம் போகவே கூடாது என்பது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விதி. மறுபடியும் தப்பானால் வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை. பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறவளிடம் போய், உங்களுக்கு ஆபத்து என்று பொய்யாகச் சொல்லிப் பயமுறுத்திவிட்டால்? பயம் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாதா?

நஞ்சுக்கொடியை வாளியில் போட்டு மூடினாள். லிஃப்டுக்குக் காத்திருக்க முடியாமல் படியேறினாள். இரண்டாவது மாடி வருவதற்குள் மூச்சு முட்டியது. பிரசவம் ஆனவர்களைப் படுக்க வைக்கும் வார்டின் வாசலில், மருந்து அட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த வார்டு சிஸ்டர் நிமிர்ந்தாள்.

“இங்க எதுக்குக்கா வந்தீங்க? வாளியோட வேற.”

“காலைல பிரசவம் ஆனவங்க மூணு பேரையும் ஒரு தடவை பாருங்க சிஸ்டர். யாருன்னு எனக்குத் தெரியாது, கடைசியா வந்த வாளி இது. ஒருத்தங்களுக்கு உள்ள துண்டு நிக்குது.”

“அடுத்த ஆளுக்கு மேசை வேணும்னு இப்பதான் கடைசி ஆளை இங்க மாத்துனாங்க. நல்லாத்தான் இருந்தாங்க.”

“பாருங்க சிஸ்டர். தப்பா இருந்தா என்னை என்ன வேணா சொல்லுங்க. கால்ல வேணாலும் விழறேன்.”

அவள் குரல் போன போக்கைக் கேட்டு வார்டு சிஸ்டர் எழுந்தாள். முதல் கட்டிலில் இருந்தவள் பால் குடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாமவள் குழந்தையின் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றாவது கட்டிலில் கழுத்து வரை போர்வை. பக்கத்தில் குழந்தையை மடியில் வைத்திருந்த அக்காக்காரி உதட்டில் விரலை வைத்தாள்.

“இப்பதான் கண் அசந்தா. எழுப்பாதீங்க.”

படுத்திருந்தவள் முகம் வெள்ளைத்தாளாக இருந்தது. வார்டு சிஸ்டர் மணிக்கட்டைப் பிடித்தாள், பிடித்தபடியே இன்னொரு கையால் போர்வையைத் தூக்கினாள். மெத்தையே தெரியவில்லை. எல்லாம் சிவப்பு. ஓடிப்போய் மணியை அடித்தாள். ஆட்கள் வந்தார்கள், கட்டில் நகர்ந்தது. சக்கரங்களின் சத்தம் அறுவைச் சிகிச்சை அறையை நோக்கி ஓடியது. அக்காக்காரி குழந்தையோடு எழுந்து நின்று, “தூங்குறாள்னுதானே நினைச்சேன்” என்று யாரிடமோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

படபடப்பு அந்தக் காலி இடத்தில் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாழ்நாளெல்லாம் வீணாகப் பயந்தவளுக்கு, பயந்தது நிஜமாகிவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை. டியூட்டி டாக்டர் வந்து வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நாற்பது நிமிடம் அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். உட்கார்ந்தால் கெட்ட செய்தி வரும் என்று ஓர் எண்ணம்.

டாக்டர் வெளியே வந்து முகக்கவசத்தை இறக்கினார். “துண்டு உள்ளதான் இருந்துச்சு. எடுத்தாச்சு. ரத்தம் ஏறிட்டு இருக்கு, பிழைச்சுக்குவாங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா அவ்வளவுதான்.”

அவளுக்கு அழுகை வரவில்லை. கீழே இறங்கிவந்து தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, கழுவ ஒன்றும் இல்லாத கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் பிரசவ அறை சிஸ்டர் வந்தாள். நாலு வருஷத்தில் அவள் கீழே வந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலியில் உட்காராமல் உறைபெட்டி ஓரமாக நின்றாள்.

“அக்கா, முழுசா இருக்கான்னு நான் அதை விரிச்சுப் பார்க்கவே இல்ல. பார்த்தேன்னு எழுதிட்டேன்.”

“ஏன் சிஸ்டர்?”

“விரிக்கத்தான் போனேன். உங்க போன் வந்துச்சு.”

குற்றம் சொல்கிற குரலில் அவள் சொல்லவில்லை. கண் கலங்கித்தான் சொன்னாள். ஆனால் அதைக் கேட்டதும் படபடப்புக்குக் காலடித் தரை போய்விட்டது. இரண்டாயிரத்துச் சொச்சம் வாளிக்கும் அவள் போன் அடித்திருக்கிறாள். எத்தனை பேர் விரிக்கப்போன கையை நிறுத்தியிருப்பார்கள்? தன் கண்ணுக்குத் தப்பியது எத்தனை? காரணமே இல்லாமல் பயந்து பழகியவளுக்கு இது புதுப் பயம். இதற்குக் காரணம் அவளேதான்.

கூட்டம் முடிந்து ஆராய்ச்சி டாக்டர் வந்தார். நல்ல மனுஷி. விஷயத்தைக் கேள்விப்பட்டு அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஆனால் இந்த மாதக் கணக்கில் ஏற்கெனவே மாதிரி குறைவு, அந்தக் கவலை அவருக்கு.

“அந்த வாளியோட மாதிரிகளை உறைய வச்சுட்டீங்களாம்மா?”

“இல்ல டாக்டர். அது கெட்டுப்போச்சு.”

“பரவால்ல, விடுங்க. அடுத்தது எப்ப வருது?”

மேலே இன்னொருத்திக்கு வலி கண்டிருந்தது. போன் மேசை மேல், கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“அதுவும் கெட்டுப்போகும் டாக்டர். சிஸ்டர் விரிச்சு, நிதானமாப் பார்த்து முடிச்சப்புறம் வந்தாப் போதும். நான் போன் பண்ண மாட்டேன்.”