கறுப்பு ஓரக் கடிதம் வாசற்படி தாண்டிய நாள்

போரில் உயிர்நீத்த சிப்பாயின் மரணச் செய்தி முதலில் அவருடைய மனைவிக்கு அறிவிக்கப்பட வேண்டும் என்பது பட்டாளத்து விதி. நல்ல விதி. அரசு அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதில் ஒரு சொல்லையும் நான் திருத்த மாட்டேன். எங்கள் மாப்பிள்ளை விஷயத்தில் அது நடவாமல் போனதற்குக் காரணம், பட்டாளத்தின் கணக்கில் அவருக்கு மனைவியே கிடையாது. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னாலுள்ள எங்கள் வீட்டில் அவருடைய மனைவியாகிய என் மகள் இருந்தாள். கணக்கில் இல்லை.

மாப்பிள்ளை பிறந்தது அயர்லாந்தின் மேற்குக் கரையில், கல்லும் காற்றும் தவிர வேறெதுவும் தாராளமாகக் கிடைக்காத ஒரு கடலோர ஊரில். தந்தையைக் கடல் கொண்டுபோயிற்று. தாயார் ஊரார் துணிகளைத் துவைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். உருளைக்கிழங்கு விளைச்சல் அழுகிப்போன ஒரு வருடம் மூத்தவரான மாப்பிள்ளை பட்டாளத்தில் சேர்ந்தார். ஆங்கிலேய அரசர் மேல் அவ்வளவு பிரியமா என்று ஒருமுறை கேட்டேன்.

"சோத்து மேல பிரியம், மாமா" என்றார், எங்கள் வீட்டில் கற்றுக்கொண்ட தமிழில்.

சிங்கப்பூருக்கு வந்தபின் ஞாயிறுதோறும் நம் தமிழர் மாதா கோவிலுக்குத்தான் பூசை காண வருவார். பூசையின் லத்தீன் எங்கும் ஒன்றுதான். பிரசங்கம் புரியாதது கூடுதல் சௌகரியம் என்பார். ஒரு வருடம் திருநாள் சப்பரம் தூக்க வேண்டியவர்களில் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். யாரும் கேட்காமலே மாப்பிள்ளை வந்து தோள் கொடுத்தார். அவர் உயரத்துக்குச் சப்பரம் ஒரு பக்கமாக எழும்பியது.

"யோவ், மாதா சாயுறா! யாருய்யா இந்தப் பனைமரத்தை உள்ள விட்டது?" என்று முன்னால் தூக்கியவர் கத்தினார். "துரை, குனி! இன்னும் குனி!"

முழங்காலை மடக்கியபடியே தெரு முழுவதும் நடந்தார் மாப்பிள்ளை. மறுநாள் படிக்கட்டு இறங்க முடியாமல் பட்டாளத்தில் கேலிக்கு ஆளானாராம். அன்று என் மகள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். நான் பார்த்திருந்தேன். அதற்கான நடவடிக்கை எடுக்கத் தாமதித்துவிட்டேன் என்று என் மனைவி இன்றும் சொல்வார்.

சிப்பாய் மணம் முடிக்க மேலதிகாரியின் அனுமதி வேண்டும். அதைச் சொன்னேன்.

"கேட்டா இல்லைன்னுவான், மாமா. கேக்காட்டி ஒண்ணும் சொல்ல மாட்டான்."

நம் சாமியார் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, தாலியை மந்திரித்துக் கொடுத்தார். தேவனுடைய சட்டப்படி திருமணம். பட்டாளத்துச் சட்டப்படி ஒன்றும் நடக்கவில்லை.

எங்கள் வீட்டில் அவர் கோபித்து ஒரு சொல் சொன்னதில்லை. ரசத்தைக் கோப்பையில் வாங்கிக் குடிப்பார். மார்ச் பதினேழு அவர்கள் நாட்டுப் புனிதரின் திருநாள்; அன்று மூன்று இலைப் பச்சை ஒன்றைத் தொப்பியில் செருக வேண்டுமாம். அது இங்கே முளைப்பதில்லை. துவையலுக்கு என் மனைவி ஆய்ந்து வைத்திருந்த, அதேபோல் மூன்று இலை கொண்ட புளியாரைக் கீரையைப் பார்த்தவர், அதில் ஒரு கொத்தை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"அட, அது கீரைங்க மாப்பிள்ளை!" என்றார் என் மனைவி.

"எங்க ஊரு, மாமி" என்றார் அவர். அதன்பிறகு அந்த நாளில் எங்கள் வீட்டில் துவையல் கிடையாது. கீரை முழுவதும் அவருக்கே.

ஜெர்மன் சண்டை மூண்டு, அவருடைய படையும் கப்பலேறியது. மகள் கருவுற்றிருப்பது அவர் போனபிறகுதான் தெரிந்தது. எழுதினோம். போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது.

ஜூலையில் ஒரு மழைநாளில் அயர்லாந்திலிருந்து தபால் வந்தது. உறையின் நான்கு ஓரமும் கறுப்பு. சாவுச் செய்திக் கடிதத்தின் மூலையில் கறுப்பு மை தடவுவது நம் வழக்கம். அவர்களுக்கும் அப்படியொன்று உண்டென்று அன்றுதான் அறிந்தேன். பிரித்துச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. வாசலுக்கு வெளியே நின்று மகளுக்கு வாசித்துக் காட்டினேன். பிரான்சு நாட்டில், காயம்பட்ட தோழன் ஒருவரைத் தோளில் சுமந்து வரும்போது மாப்பிள்ளை சுடப்பட்டார் என்று அவருடைய தாயார் எழுதியிருந்தார். வாசித்து முடித்ததும் என் மனைவி, சாவுக் கடிதம் வாசற்படி தாண்டக் கூடாது என்ற வழக்கப்படி, அதை வாங்கிக் கிழித்துத் தெருச் சாக்கடையில் போட்டார். மழைத்தண்ணீர் கொண்டுபோயிற்று.

"அம்மா, அதுல அத்தை விலாசம் இருந்துச்சே" என்றாள் மகள்.

மாப்பிள்ளை தம் தாயாருக்குத் தாமே எழுதி, தாமே தபாலில் சேர்த்தவர். எங்களிடம் வேறு விலாசம் இல்லை.

மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. "அவங்களுக்குப் பேரன் இருக்கான்னு தெரியணும்ப்பா. பிள்ளை செத்த சேதியோட அவங்க நின்னுடக் கூடாது" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டாள அலுவலகத்துக்கு உரிய வழியில், திருமணச் சான்றின் நகலோடு விண்ணப்பித்தேன். விலாசம் உறவினருக்கு மட்டுமே தரப்படும். விண்ணப்பதாரர் உறவினர் அல்லர் என்று பதில். மேல்முறையீட்டுக்கும் அதே பதில், வேறு கையெழுத்தில்.

வழி கண்டது என் மனைவி. கடிதத்தைக் கிழித்த நாள் முதல் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் சாமியாரிடம் போய் நின்றார்.

"சாமி, அவரு செபமாலை முடிக்கிறப்போ பிரிஜித்தம்மாளே எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்னு சொல்லி, அவங்க ஊர்ப் பேரையும் சொல்வாரு. எனக்கு அது மனப்பாடம். அந்த ஊர்க் கோவில் சாமியாருக்கு நீங்க எழுதுங்க."

முப்பது வருடம் கோப்புகளோடு வாழ்ந்த எனக்கு இது தோன்றவில்லை. உரிய வழியாக இல்லாததால்தான்.

மாப்பிள்ளையின் இந்த முதலாண்டு நினைவு நாளில் நாங்கள் நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கடிதம் எழுதிய சாமியார். துக்கச் செய்தி வந்த அன்று கடையை அடைத்துவிட்டு வந்து அமர்ந்திருந்த பக்கத்துக் கடை ராவுத்தர். மாப்பிள்ளையின் ஆத்தும இளைப்பாற்றிக்கான பூசைக்கு, சொல்லாமலே வந்து நின்ற சப்பரக்காரர்கள். இரண்டு முறையும் பிழையின்றி மறுத்து எழுதிய அலுவலகத்தையும் மறக்கவில்லை. அவர்கள் விதிப்படியே நடந்தார்கள்.

பதில் வந்தபோது அதன் உறையிலும் கறுப்பு ஓரம் இருந்தது; பிள்ளையை இழந்த தாயார் துக்கம் காக்கும் காலம் முழுவதும் அப்படித்தான் எழுதுவாராம். தபால்காரர் தயங்கி வெளியிலேயே நின்றார். என் மனைவி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். வாசற்படி தாண்டி உள்ளே கொண்டுவந்து மாதா படத்தின் கீழ் வைத்துவிட்டு, "இப்ப படிங்க" என்றார். "என் மகளுக்கு" என்று அது தொடங்கியது. உள்ளே கம்பளி நூலில் பின்னிய சிறு தொப்பி ஒன்று இருந்தது. இந்த ஊர் வெயிலில் எந்தக் குழந்தையும் போடக்கூடாத தொப்பி. பேரன் அதைப் பகல் முழுவதும் போட்டிருந்தான்; அதில் ஒரு கொத்துப் புளியாரையை என் மகள் செருகியிருந்தாள். அன்று தேதி மார்ச் பதினேழு.